சொந்தக்காரர்கள்

தமிழில் 'சொந்தக்காரர்' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். 'திண்டுக்கல்ல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார்' என்றால் உறவினர். 'வீட்டுச் சொந்தக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேங்கறார்' என்றால் உடைமையாளர். இரண்டு பேரும் நம்மிடம் அநேகமாக ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். சொல்லாமல் வருவார்கள், சுவரில் ஆணி அடித்தால் ஏன் என்பார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறோம் என்பதில் அளவுக்கு மீறி அக்கறை காட்டுவார்கள்.

பி.காம். படித்த எனக்குக் கல்லூரியில் இரண்டாவது அர்த்தத்தை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எது யாருக்குச் சொந்தம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி. முதல் அர்த்தத்தைக் கல்யாண வீடுகளும் சாவு வீடுகளும் சொல்லிக்கொடுத்தன. இரண்டும் எதற்காக ஒரே வார்த்தைக்குள் குடித்தனம் செய்கின்றன என்று யோசிக்க வைத்தவை சில நாவல்கள். அவற்றை உங்களுக்குச் சிபாரிசு செய்யத்தான் இந்த வாரம்.

ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோரையும் சேர்த்து இப்போது 'க்வியர்' என்கிறார்கள். அவர்களைப் பற்றிய நாவல்கள் இவை. 'நமக்கெதுக்குங்க அதெல்லாம்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம். இவற்றில் படுக்கையறை கொஞ்சம்தான். சாப்பாட்டு மேஜையும் ஆஸ்பத்திரி வராந்தாவும்தான் நிறைய. பிறந்த வீட்டில் அடிபட்டோ, அவமானப்பட்டோ, சும்மா ஒரு வார்த்தை பொறுக்காமலோ வெளியே வந்தவர்கள், முன்பின் தெரியாத நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேள்வி என்னவென்றால், அப்படிச் சொல்லிக்கொண்டால் ஆகிவிடுமா?

முதலில் ஒரு தொடர்கதை. அமெரிக்காவில் தினசரிப் பத்திரிகையில் தொடர்கதை வருவது அபூர்வம். 1976-ல் 'சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்' பேப்பரில் ஆர்மிஸ்டெட் மாப்பின் 'டேல்ஸ் ஆஃப் தி சிட்டி' என்று ஆரம்பித்தார். வாரத்துக்கு ஐந்து நாள். 28, பார்பரி லேன் என்ற வீடு, அதில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், வீட்டுச் சொந்தக்காரர் அன்னா மாட்ரிகல். இந்த அம்மாள் தோட்டத்தில் கஞ்சாச் செடி வளர்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். புதிதாகக் குடிவருகிறவர் கதவில் ஒரு கஞ்சா சிகரெட்டை ஒட்டி வைத்து வரவேற்பார். (நம் ஊரில் பால் காய்ச்சச் சொல்வார்கள்.) அவருக்கென்று ஒரு பழைய ரகசியம் உண்டு. நான் சொல்லிவிட்டால் முதல் இரண்டு பாகங்களின் சுவாரஸ்யம் போய்விடும்.

கிளீவ்லாந்திலிருந்து எட்டு நாள் லீவில் வந்து திரும்பிப் போகாமலே இருந்துவிடும் மேரி ஆன், ஃப்ளோரிடாவிலிருந்து வந்த மைக்கேல். மைக்கேல் ஆண்களை நேசிப்பவன். ஊரில் ஆரஞ்சு பயிரிடும் பெற்றோருக்கு அது தெரியாது. 1977-ல் அதே ஃப்ளோரிடாவில் அனிதா பிரையன்ட் என்ற பாடகி இவனைப் போன்றவர்களுக்கு எதிராகப் பெரிய பிரசாரம் நடத்தினார். கதையில் மைக்கேலின் அம்மா அந்த இயக்கத்தில் தான் சேர்ந்துவிட்டதைப் பெருமையாக எழுதுகிறார். மகன் பதில் எழுதுகிறான், தான் யார் என்று. ஓர் அத்தியாயம் முழுக்க அந்தக் கடிதம்தான். இதில் கூடுதல் விஷயம், மாப்பினின் அப்பா அம்மா வடக்குக் கரோலினாவில் இருந்தபடி மகன் எழுதும் தொடருக்காக அந்தப் பேப்பருக்குச் சந்தா கட்டியிருந்தார்கள். தன்னைப் பற்றி அவர்களிடம் நேராகச் சொல்லாத மகன், கதாபாத்திரத்தின் வாயால் சொல்லிவிட்டார். தொடர்கதை எழுதுவதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

வாசகர்கள் பலர் அந்தக் கடிதத்தை வெட்டி, கையெழுத்து மட்டும் மாற்றித் தங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது முப்பது வருஷம் கழித்து, 2007-ல் அதே வரிசையில் வந்த 'மைக்கேல் டாலிவர் லிவ்ஸ்'. மைக்கேலுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்ந்து, கூடப் பழகிய பாதிப் பேரைப் புதைத்துவிட்டு, தான் மட்டும் எப்படி மிஞ்சினோம் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருப்பவன். ஃப்ளோரிடாவில் பெற்ற தாய் சாகக் கிடக்கிறாள். கிளம்ப வேண்டிய நேரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அன்னா மாட்ரிகல் நினைவிழந்து ஆஸ்பத்திரியில். ஒருவர் பக்கத்தில்தான் இருக்க முடியும்.

வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறான்.

நம் பத்திரிகையில் இப்படி ஒரு சிறுகதை வந்தால் ஆசிரியருக்கு வரக்கூடிய கடிதங்களை என்னால் இப்போதே எழுதிக்காட்ட முடியும். 'பத்து மாசம் சுமந்தவ ஒருத்தி, வாடகை வாங்கினவ ஒருத்தி.' இதைச் சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. பெற்ற கடன் என்று நாம் சொல்வது வெறும் பேச்சு இல்லை. ஒரு குழந்தை பிழைத்து ஆளாக எத்தனை ராத்திரி எத்தனை பேர் கண்விழித்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லாததால்தான் அதைக் கடன் என்கிறோம். பிற்பாடு அந்த அம்மா மகனை எதிர்க்கும் கட்சியில் சேர்ந்தாள் என்பதால் பழைய ராத்திரிகள் கணக்கிலிருந்து அழிந்துவிடாது. எந்த ஆடிட்டரும் அப்படி ரைட் ஆஃப் செய்யமாட்டார்.

மாப்பின் இரண்டு குடும்பங்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார். பிறப்பால் வந்தது 'பயலாஜிக்கல்'. தனக்குப் பொருந்தி வந்தது 'லாஜிக்கல்'. ஆங்கிலத்தில் கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. லாஜிக் பார்த்தா அம்மாவிடம் போகிறோம்? மைக்கேலுக்காகப் பேசுகிறவர்கள், 'அங்கே போனால் அவன் அவனாக இருக்க முடியாது, அன்னா பக்கத்தில்தான் இருக்க முடியும்' என்பார்கள். சாகிறவர் பக்கத்தில் நாம் நாமாக இருப்பதற்கா போகிறோம்? அந்தக் கட்டில் பார்க்க வந்தவருக்கானது இல்லை, படுத்திருப்பவருக்கானது.

ஆக, இரண்டு கிழவிகளில் யார் அவனை அதிகம் நேசித்தார்கள் என்பது தப்பான கேள்வி. படுத்திருப்பவர் யாரைப் பக்கத்தில் விரும்புவார் என்பதுதான் கேள்வி. அங்கே அன்னா ஜெயிக்கிறார், அவருக்கு வேறு ஆள் கிடையாது. அந்த வகையில் மைக்கேல் செய்தது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. மாப்பின் சொன்ன காரணத்துக்காக அல்ல.

படுத்திருப்பவரால் பேச முடியவில்லை என்றால்? அவர் விருப்பத்தை யார் சொல்வது? ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது?

ரெபெக்கா மக்காயின் 'தி கிரேட் பிலீவர்ஸ்' (2018) முழுக்க முழுக்க இந்தக் கட்டத்தைப் பற்றியது. சிகாகோ, 1985. எய்ட்ஸில் நீகோ என்ற இளைஞன் இறந்துவிட்டான். சர்ச்சில் அவன் குடும்பம் இறுதிச் சடங்கு நடத்துகிறது. அதே நேரத்தில் இருபது மைல் தள்ளி ஒரு வீட்டில் அவன் நண்பர்கள் கூடிக் குடித்து அழுது ஆடுகிறார்கள். சர்ச்சில் அவர்களுக்கு இடம் இல்லை, காதலனுக்கும் இல்லை. நீகோவை வீட்டை விட்டுத் துரத்திய அதே பெற்றோர் சவப்பெட்டிக்கு மட்டும் சொந்தக்காரர்களாக வந்து நிற்கிறார்கள். அவன் தங்கை ஃபியோனா சர்ச்சுக்குப் போகாமல் நண்பர்கள் பக்கம் வந்துவிடுகிறாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதே வீட்டுக்குத் தெரியாமல் அண்ணனுக்குச் சாப்பாடும் காசும் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

கதாசிரியை மிகைப்படுத்துகிறார் என்று தோன்றினால், மின்னசோட்டாவில் நடந்த ஒரு நிஜ வழக்கு. 1983-ல் ஒரு பெண் கார் விபத்தில் மூளையில் அடிபட்டுப் பேச்சிழந்தார். அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த தோழியைப் பெண்ணின் அப்பா வருஷக்கணக்காக உள்ளே விடவில்லை. கோர்ட் கோர்ட்டாக ஏறி, 1991-ல்தான் அந்தத் தோழியைக் காப்பாளராக மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எட்டு வருஷம்.

மக்காயின் நாவலுக்கு வருவோம். ஃபியோனா, அண்ணனின் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது கூட இருக்கிறாள். அவர்களுக்காக மருத்துவமனையில் முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பலர் அவளுக்கே எழுதிக்கொடுக்கிறார்கள். அதில் ஒருவன் யேல், நாவலின் நாயகன். அவன் சாகக் கிடக்கும்போது, அவன் குழந்தையாக இருந்தபோதே விட்டுப்போன அவனுடைய அம்மா ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். ஃபியோனா அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். (கதையைச் சொல்லிவிட்டதற்கு மன்னிக்கவும். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.)

நியாயமான கோபம்தான். அத்தனை வருஷம் இல்லாதவள் இப்போது எதற்கு? ஆனால் அந்த நேரத்தில் ஃபியோனாவுக்குப் பிரசவம். அவளாலும் யேல் பக்கத்தில் இருக்க முடியாமல் போகிறது. அவன் தனியாகச் சாகிறான். தானே தாயான ஃபியோனா, இருபது வருஷத்துக்கும் மேல் கழித்துப் பாரிஸில் பேச்சுவார்த்தையற்றுப் போன தன் மகளைத் தேடி அலையும்போதும், வராந்தாவில் திருப்பி அனுப்பிய அந்த அம்மாவைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

நீகோவின் பெற்றோர் காதலனை வெளியே நிறுத்தியதற்கும் ஃபியோனா அந்தத் தாயை வெளியே நிறுத்தியதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நிறைய இருக்கிறது. ஃபியோனாவிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தவன் யேல். நீகோ தன் பெற்றோரிடம் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. இருந்தும் கதவருகே நின்று 'நீங்க போகலாம்' என்று சொல்கிற தொனி ஒன்றுதான். சொந்தக்காரி என்ற வார்த்தை அங்கே முதல் அர்த்தத்திலிருந்து இரண்டாவது அர்த்தத்துக்கு மாறிவிடுகிறது. ரத்த உறவில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லெண்ணத்தோடு எழுதப்படும் பல க்வியர் கதைகள் புதுக் குடும்பத்தை ஒரு பிக்னிக் மாதிரி காட்டுகின்றன. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், சூப் குடிக்கிறார்கள். அவற்றைப் படிக்கவும் ஒரு நேரம் உண்டு, ஜுரத்தில் கஞ்சி மாதிரி.

காயம்பட்டவர்கள் அதனாலேயே உத்தமர்கள் ஆகிவிடுவார்கள் என்பது சினிமா. காயம்பட்டவர்கள் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பார்கள். அருந்ததி ராயின் 'தி மினிஸ்ட்ரி ஆஃப் அட்மோஸ்ட் ஹேப்பினஸ்' (2017) நாவலில் அஞ்சும் இருக்கிறாளே, அவளைப் பாருங்கள். தமிழிலேயே படிக்கலாம், ஜி. குப்புசாமி 'பெருமகிழ்வின் பேரவை' என்று மொழிபெயர்த்திருக்கிறார். பழைய டெல்லியில் ஆணாக வளர்க்கப்பட்டு, 'குவாப்கா' என்ற திருநங்கைகள் வீட்டில் சேர்ந்தவள். ஜும்மா மசூதிப் படிக்கட்டில் கிடைத்த ஜைனப் என்ற பெண்குழந்தையை மகளாக எடுத்துக்கொள்கிறாள். குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு வருகிறது. உடனே அதே வீட்டிலிருக்கும் இளையவள் சயீதா ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று சந்தேகப்படுகிறாள். வேண்டுதலுக்கு அஜ்மீர் போனவள் அப்படியே குஜராத்துக்குப் போய், 2002 கலவரத்தில் சிக்கி, கூட வந்த பெரியவரைப் பறிகொடுத்துத் திரும்புகிறாள். திரும்பியவள் பழைய அஞ்சும் இல்லை. குழந்தையும் சயீதாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மருமகள் மேல் சந்தேகப்படும் மாமியார், ஓரகத்தியோடு குழந்தைக்காகச் சண்டை. நம் வீடுதானே இது!

பிறகு அஞ்சும் சுடுகாட்டுக்குக் குடிபோகிறாள். சரியாகச் சொன்னால் கபரஸ்தான். அங்கே சமாதிகளைச் சுற்றியே அறைகள் கட்டி 'ஜன்னத் கெஸ்ட் ஹவுஸ்' என்று பெயர் வைக்கிறாள். அப்பாவைக் கும்பல் அடித்துக் கொன்றதைப் பார்த்த ஒரு தலித் இளைஞன், கண் தெரியாத இமாம், யாரோ விட்டுப்போன குழந்தை என்று ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். வேறெங்கும் புதைக்க மறுக்கும் உடல்களுக்கு அங்கே இடம் உண்டு. நாவலின் பின்பாதி எனக்குக் கொஞ்சம் கலைந்துதான் தெரிகிறது, காஷ்மீரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால். ஆனால் அந்தக் கபரஸ்தான் பக்கங்களுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் கற்பனை, டெல்லி, அமெரிக்கா என்று தள்ளிவிட முடியாது. நம் ஊர்த் திருநங்கைகளிடம் அம்மா, மகள், பாட்டி என்று தத்தெடுக்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அதிலும் பணிவிடை, கட்டுப்பாடு, மீறினால் அபராதம் எல்லாம் உண்டு. ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி'யைப் படித்தால் அன்பும் அதிகாரமும் அங்கே எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று தெரியும்.

இப்போது கொஞ்சம் காமர்ஸ். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து முதலில் மனைவி மக்கள் தாய்க்கு. அவர்கள் இல்லையென்றால் அப்பா, கூடப்பிறந்தவர்கள் முதலான அடுத்த வகுப்பு வாரிசுகளுக்கு. அதுவும் இல்லையென்றால் ஆண்வழிப் பங்காளிகள், எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் சரி. பிறகு மற்ற ரத்த உறவு. அதுவும் இல்லையென்றால் அரசாங்கத்துக்கு. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்து மூத்திரப் பை மாற்றிய நண்பன் இந்த வரிசையில் எங்குமே இல்லை. அவனுக்குக் கொடுப்பதைவிட சர்க்கார் கஜானாவில் போடுவது மேல் என்று சட்டம் நினைக்கிறது.

கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமல்ல என்றது. 2023-ல் அத்தகைய திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2024 ஆகஸ்டில், இவர்கள் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதித்துறை தெளிவுபடுத்தியது. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணுக்காக அவள் தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மாப்பின் 1976-ல் தொடர்கதையாக எழுதியது நம் கோர்ட் தீர்ப்பில் வந்து சேர ஏறக்குறைய ஐம்பது வருஷம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நாமினி என்றால் வாரிசு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டிய ஆள்தான். அதனால் அப்படிப்பட்ட நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து இரண்டு சாட்சி வைத்து உயில் எழுதிவிடுங்கள். பதிவு செய்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்த வகைப் புத்தகம் என்றதும் எல்லோரும் ஹான்யா யானகிஹாராவின் 'எ லிட்டில் லைஃப்' (2015) நாவலைக் கையில் கொடுப்பார்கள். புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. எழுநூறு பக்கத்துக்கு மேல். சின்ன வயதில் சொல்ல முடியாத கொடுமைகளைப் பட்ட ஜூட், அவனைத் தாங்கும் மூன்று நண்பர்கள், முப்பது வயதில் அவனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுக்கும் ஒரு பேராசிரியர். இவ்வளவு அன்பு கிடைத்தும் ஜூட் தேறுவதில்லை. தன்னைத் தானே அறுத்துக்கொள்வதை நிறுத்துவதில்லை. அன்பு எல்லாவற்றையும் ஆற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஆசிரியை தருகிற அடி அது. எனக்கு அது அடியாகப் படவில்லை. குணமாகவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பேராசிரியர் மறுநாள் காலை போன் செய்கிறார் பாருங்கள், அந்த இடங்களுக்காகப் படித்தேன். உங்கள் மனசு ஏற்கெனவே சரியில்லை என்றால் இதைத் தொடாதீர்கள். அலமாரியில் இருக்கட்டும். நான் முதலில் எடுக்கச் சொல்வது மாப்பினை. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, பஸ்ஸில் படிக்கலாம்.

படித்து முடித்ததும் பீரோவில் பூட்டாதீர்கள். வீட்டில் பதினாறு பதினேழு வயதில் பிள்ளைகள் இருந்தால் ஹாலில் டீப்பாய் மேலேயே கிடக்கட்டும். ஒன்றும் விளக்க வேண்டாம். உங்கள் பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைத்திருந்தீர்கள் என்றால் அதையும் எடுக்காதீர்கள். அப்பா அம்மா இதைப் படித்திருக்கிறார்கள் என்று அதுவாகத் தெரிந்துகொள்ளும்.